இரண்டு புத்தாண்டுகளுக்கு நடுவே: பொம்மசந்திராவும் ஊரடங்கின் முதல் 21 நாட்களும்

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. விடிந்தால் யுகாதி. கன்னட வீடுகளில் மாவிலைத் தோரணமும் வேப்பம்பூவும் வெல்லமும் ஒப்பட்டுக்கு வேண்டிய பருப்பும் தயாராக இருந்த இரவு. 8 மணிக்குப் பிரதமர் நரேந்திர மோடி தொலைக்காட்சியில் பேசினார். அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். பேச்சு தொடங்கியதற்கும் கதவு அடைபட்டதற்கும் இடையே இருந்தது நான்கு மணி நேரம். கன்னடப் புத்தாண்டன்று தொடங்கிய அந்த 21 நாட்கள் முடிந்த தேதி ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. இரு மொழிக்காரர்களுக்கும் பிறந்த ஆண்டின் பெயர்கூட ஒன்றுதான்: சார்வரி. சித்திரை முதல் நாள் காலையில் பிரதமர் மறுபடியும் பேசினார். ஊரடங்கு மே 3 வரை நீண்டது.

இந்த இரண்டு புத்தாண்டுகளுக்கும் நடுவே ஒரு தொழிற்பேட்டைக் குடும்பம் எதை நினைத்துக் கவலைப்பட்டது? அந்தக் கவலைகளுக்கு அரசு தந்த பதில்கள் எந்த அளவுக்குப் பொருந்தின? நோயின் மருத்துவம் பற்றியும் நாட்டின் பொருளாதாரம் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. அடுப்படியிலிருந்தும் வாசற்படியிலிருந்தும் இந்தக் கேள்வியைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குப் பொம்மசந்திராவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இரண்டு மாநிலங்களின் விளிம்பில் இருக்கும் ஊர் இது. இங்கே வாழும் குடும்பங்களில் பல, ஒரு முகவரிக்குள் அடங்காதவை.

ஏரியின் பெயரில் ஒரு தொழிற்பேட்டை

மாரசந்திரா, பொம்மசந்திரா போன்ற கன்னட ஊர்ப்பெயர்களில் உள்ள ‘சந்திரா’ நிலவைக் குறிப்பதில்லை. ‘சமுத்திரம்’ தேய்ந்து அப்படி ஆயிற்று. நம் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அதே சொல், பெரிய ஏரி என்ற பொருளில். ஏரியின் பெயரைச் சுமக்கும் இந்த ஊர் இன்று ஆனேக்கல் வட்டத்தின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஓசூர் சாலையில் தெற்கே வந்தால் ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திபெலே. அத்திபெலே சோதனைச்சாவடியைக் கடந்தால் ஜூஜூவாடி, தமிழ்நாடு. அங்கிருந்து ஓசூர் கூப்பிடு தூரம்.

இயந்திர உதிரிபாகப் பட்டறைகள், ஆயத்த ஆடை ஆலைகள், மருந்து ஆலைகள், ஜிகணி இணைப்புச் சாலையில் பயோகானின் வளாகம், மருத்துவர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயணா ஹெல்த் சிட்டி எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடங்கியிருக்கின்றன. வேலைக்கு வந்தவர்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள், வட கர்நாடகத்தார், ஆந்திரத்தார், பிகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் இளைஞர்கள். இதய சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்கள் மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் தங்கிக் காத்திருக்கும். நிர்வாகத்தில் பெங்களூரு நகர மாவட்டத்தைச் சேர்ந்தாலும், 2020இல் பெங்களூரு மாநகராட்சி எல்லைக்கு வெளியே தனி நகராட்சியாக இருந்த ஊர்.

இங்கே ‘வீடு’ என்பது பெரும்பாலும் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்று. முன்பக்கம் படுக்கை, பின்பக்கம் அடுப்பு, நாலைந்து குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை. கல்யாணமாகாத பையன்கள் ஓர் அறையில் ஐந்தாறு பேர். பகல் ஷிப்ட்காரன் எழுந்து போன பாயில் இரவு ஷிப்ட்காரன் வந்து படுப்பான். இந்த ஏற்பாடு ஓடுவதே எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டில் இல்லாததால்தான். ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற ஆணை வந்த நாளில் ஆறு பேரும் அறையில் இருந்தார்கள். ஆளுக்கு ஆறடி இடைவெளி என்ற அறிவுரைக்கு அந்த அறையின் அளவே இடம் கொடுக்கவில்லை.

கதவு அடைபட்ட வரிசை

எல்லாம் ஒரே இரவில் நடந்ததாக நினைவில் பதிந்திருக்கிறது. உண்மையில் கதவு படிப்படியாக மூடியது. கர்நாடகத்தின் முதல் தொற்று மார்ச் 9 அன்று பெங்களூருவில் உறுதியானது. இந்தியாவின் முதல் கொரோனா மரணமும் இதே மாநிலத்தில், கலபுரகியில் மார்ச் 10 அன்று நேர்ந்தது. மார்ச் 13 அன்று முதலமைச்சர் எடியூரப்பா திரையரங்குகளையும் வணிக வளாகங்களையும் ஒரு வாரம் மூடச் சொன்னார். மார்ச் 20 அன்று தமிழக முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, கர்நாடகம், கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களுடனான எல்லைகள் 31 வரை மூடப்படும் என்றார். அத்தியாவசியப் பொருள் வண்டிகளுக்கும் அவசரத் தேவைகளுக்கும் மட்டும் விலக்கு. 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு. அன்றே பயணிகள் ரயில்களும் நின்றன. 23 அன்று கர்நாடகம் மாநிலம் முழுவதையும் மூடுவதாக அறிவித்தது. 24 மாலை 6 மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144 தடை.

நாட்டுக்கு மார்ச் 24 இரவு வந்த நெருக்கடி பொம்மசந்திராவின் தமிழ்க் குடும்பத்துக்கு நான்கு நாள் முன்பே வந்துவிட்டது என்பதை இந்த வரிசை காட்டுகிறது. சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்து ஓசூர் பேருந்து ஏறி, ஞாயிறு ஊரில் பிள்ளைகளோடு இருந்துவிட்டுத் திங்கள் காலை திரும்புகிறவர் அவர். மாநில எல்லை என்பது அதுவரை அவருக்குப் பேருந்து கொஞ்சம் மெதுவாகப் போகும் ஓர் இடம், அவ்வளவுதான். அந்த வாரம் அது சுவராயிற்று.

‘ஊரடங்கிய நேரம்’ என்று தமிழில் சொல்வோம். விளக்கணைத்து ஊர் உறங்கிப்போன நள்ளிரவு அது. அதில் ஓர் ஆறுதல் உண்டு. எல்லாரும் அவரவர் வீடு சேர்ந்துவிட்டார்கள் என்ற ஆறுதல். 2020இன் ஊரடங்கில் அது இல்லை. பலர் வீடு வந்து சேர்வதற்கு முன்பே ஊர் அடங்கிவிட்டது.

முதல் கவலை: பத்தாம் தேதி

தொழிற்பேட்டையில் மாதம் ஒன்றாம் தேதி தொடங்குவதில்லை. சம்பளம் கைக்கு வரும் ஏழாம் தேதியிலோ பத்தாம் தேதியிலோ தொடங்குகிறது. மார்ச்சின் கடைசி வாரம் கையில் காசு குறைந்திருக்கும் வாரம். அந்த நேரம் பார்த்து ஆலை மூடியதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, ‘மார்ச் சம்பளம் முழுசா வருமா?’ என்பதுதான். நிரந்தரத் தொழிலாளிக்கு அதற்கு ஓரளவு பதில் இருந்தது. காண்ட்ராக்ட் ஆளுக்கு யாரிடம் கேட்பது என்பதே தெரியவில்லை. அவருடைய முதலாளி ஆலை அல்ல. ஆலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர். மேஸ்திரி போனை எடுக்காவிட்டால் அவருக்கு வேறு கதவு கிடையாது.

மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 29 அன்று ஓர் ஆணை போட்டது. மூடியிருக்கும் காலத்துக்கும் பிடித்தமில்லாமல் சம்பளம் தர வேண்டும். தொழிலாளர்களிடம் வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றது. சொன்னது நியாயம். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு வேண்டிய பணத்தில் அரசின் பங்கு என்ன என்று ஆணை சொல்லவில்லை. சிறு பட்டறை முதலாளிக்கும் வங்கிக் கடன் இருந்தது, ஆர்டர் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மே 18 முதல் ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12 அன்று, சம்பளம் தராத முதலாளிகள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மேஸ்திரியின் போன் நம்பர் மட்டுமே கையில் உள்ளவருக்குப் பேசித் தீர்க்க எதிர்த்தரப்பே இல்லை.

வாடகையின் கதையும் இதே. பெங்களூரில் வீட்டுக்கு அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பது ஊரறிந்த வழக்கம். ஒற்றை அறைக்கு அது குறைவு என்றாலும், அந்தக் குடும்பத்துக்கு அதுதான் பெரிய சேமிப்பு. வாடகை நின்றால் அட்வான்ஸில் கழியும். அட்வான்ஸ் தீர்ந்தால் சாமானோடு வெளியே. வீட்டுக்காரர்களில் பலரும் பணக்காரர்கள் அல்லர். ஆலைக்கு நிலம் கொடுத்துவிட்டு, மிஞ்சிய மனையில் பத்து அறை கட்டி, அந்த வாடகையிலேயே வங்கித் தவணை கட்டும் பழைய ராகி விவசாயிகளும் அவர்களில் உண்டு. ஆணை இந்த இரண்டு பலவீனமானவர்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு விலகிக்கொண்டது.

கைகொடுத்தவற்றையும் சொல்ல வேண்டும். மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது; பிறகு அது ஆகஸ்ட் வரை நீண்டது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மார்ச் 28 முதல் வருங்கால வைப்பு நிதியில் முக்கால் பங்கையோ மூன்று மாதச் சம்பளத்தையோ, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பி.எஃப். கணக்கு உள்ளவர்களுக்கு இது உயிர்த்தண்ணீர். ஆனால் அது அவர்களுடைய சொந்தக் காசு, முதுமைக்கென்று ஒதுக்கியது. மகளிர் குழுக் கடனும் சீட்டுப் பணமும் நம்பிக்கையில் ஓடுபவை. வாரத் தவணை தவறினால் குழுவில் முகம் கொடுக்க முடியாது என்ற அச்சத்தில் தாலிச் சரட்டைத் தவிர மற்றதெல்லாம் அடகுக் கடைக்குப் போவது, இந்தக் குடும்பங்கள் எந்த நெருக்கடியிலும் கைக்கொள்ளும் வழி.

இரண்டாம் கவலை: அரிசி இருந்தது, அட்டை இல்லை

மார்ச் 26 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத்தை அறிவித்தார். குடும்ப அட்டையில் உள்ள ஒவ்வொருவருக்கும் மூன்று மாதங்களுக்கு மாதம் 5 கிலோ தானியம், குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்பு, ஜன் தன் கணக்குள்ள பெண்களுக்கு மாதம் 500 ரூபாய். கர்நாடக அரசு இரண்டு மாத ரேஷனைச் சேர்த்துக் கொடுத்தது. தமிழக அரசு அட்டைக்கு 1,000 ரூபாயும் பொருள்களும் தந்தது. உள்ளூர் அட்டை கையில் இருந்தவர்களுக்கு இவை வந்து சேர்ந்தன. இந்தப் பேரிடர் பெரும் பஞ்சமாக மாறாமல் தடுத்தவற்றில் பொது விநியோகத்துக்கு முதலிடம் உண்டு.

பொம்மசந்திராவின் ஒற்றை அறையில் நிலைமை வேறு. அட்டை இருந்தது, ஊத்தங்கரையிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ, மாமியார் வீட்டு அலமாரியில். அங்கே போய் வாங்கச் சாலை இல்லை. இங்கே வாங்க அட்டை செல்லாது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் கர்நாடகம் 2020 ஜனவரியிலேயே சேர்ந்திருந்தது. தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபர் 1 அன்று. பிகார், ஒடிசா தொழிலாளிக்கும் அந்த மார்ச்சில் இதே கதைதான். சந்தாபுராச் சந்தையில் காய் இருந்தது, அரசுக் கிடங்கில் தானியம் இருந்தது. நடுவில் ஒரு முகவரி குறுக்கே நின்றது.

பல்கலைக்கழக ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்த ‘ஸ்வான்’ என்ற தொழிலாளர் உதவி வலையமைப்பு, நாடெங்கும் சிக்கியிருந்த 11,159 தொழிலாளர்களிடம் தொலைபேசியில் பேசித் திரட்டிய அறிக்கையை முதல் 21 நாள் முடிந்ததும் வெளியிட்டது. பாதிப் பேரிடம் ஒரு நாளைக்கான உணவுப்பொருள்கூட இருக்கவில்லை. 96 சதவீதத்தினருக்கு அரசு ரேஷன் கிடைக்கவில்லை. 89 சதவீதத்தினருக்கு ஊரடங்குக் காலச் சம்பளம் வரவில்லை. பெங்களூரின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 12 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பேரிடம் நடத்திய ஆய்விலும் மூன்றில் இரண்டு பேர் வேலை இழந்திருந்தார்கள். 77 சதவீதக் குடும்பங்கள் முன்பைவிடக் குறைவாகச் சாப்பிட்டன.

குறைவாகச் சாப்பிடுவது என்பதை வீட்டு மொழியில் சொல்ல வேண்டும். முதலில் போவது பால். பிறகு முட்டை, எண்ணெய். குழம்பு ரசமாகும், ரசம் மோராகும், மோர் நீராகாரமாகும். பிள்ளைகளுக்கும் ஆணுக்கும் போட்டுவிட்டுப் ‘பசிக்கலை’ என்று சொல்லும் தாய் எந்தக் கணக்கெடுப்பிலும் தனி வரியாக வருவதில்லை. அட்டை இல்லாத எட்டுக் கோடிப் புலம்பெயர்ந்தோருக்கும் இலவசத் தானியம் என்று மத்திய அரசு அறிவித்தது மே 14 அன்று. அது ஊரடங்கின் 51ஆம் நாள்.

மூன்றாம் கவலை: ஊர்

பணமும் அரிசியும் எப்படியோ புரண்டு வந்தாலும் தீராத கவலை மூன்றாவது. ‘உடம்பு இங்கே, உசுரு அங்கே’ என்பார்கள். பெற்றோர் இருவரும் ஆலைக்குப் போவதால் கைப்பிள்ளையைப் பாட்டியிடம் விட்டிருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோன அப்பா ஊரில். மாதாமாதம் வாங்கிக் கொடுத்த மகன் இங்கே. பங்குனியில் நிச்சயித்த கல்யாணம், ஏழாம் மாதத்தில் வளைகாப்பு, தாய்வீட்டில் என்று தீர்மானித்திருந்த பிரசவம் எல்லாவற்றுக்கும் நடுவே சோதனைச்சாவடி. எல்லாவற்றையும்விடப் பெரிய அச்சம் ஒன்று: அங்கே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் முகம் பார்க்கக்கூடப் போக முடியாதே. இறப்புக்கு அனுமதிச் சீட்டு உண்டு என்றாலும், சீட்டு கைக்கு வந்து, வண்டி பிடித்து, எல்லையில் விளக்கம் சொல்லிப் போய்ச் சேர்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருக்கும். நம் மரபில் தலைமாட்டில் நிற்க வேண்டியவர் நிற்காமற்போவது ஆயுளுக்கும் ஆறாத குறை.

இந்தக் கவலைதான் மக்களை நடக்க வைத்தது. சோற்றுக்காக மட்டும் நடந்தார்கள் என்று எண்ணுவது அவர்களைக் குறைத்துப் பார்ப்பதாகும். சாவதானாலும் நம் மண்ணில், நம் சனத்தோடு என்ற முடிவு அதில் இருந்தது. வெளியே சாலையில் யாரும் இல்லை என்று மார்ச் 31 அன்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மே 1 முதல் ஷ்ரமிக் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. மே 5 அன்று கட்டுமான நிறுவனத்தாரைச் சந்தித்த கர்நாடக முதலமைச்சர், அதன் பின் அந்த ரயில்களை நிறுத்தச் சொன்னார். நாடெங்கும் கண்டனம் எழ, மே 7 அன்று முடிவு மாறியது. தொழிலாளியின் ஊர் ஆசையைவிட அவருடைய உழைப்பின் தேவை பெரிதாக எண்ணப்பட்ட அந்த இரண்டு நாட்களை மறக்கக் கூடாது. மே 8 விடியற்காலை மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அருகே, நடந்த களைப்பில் தண்டவாளத்தில் உறங்கிவிட்ட 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள்.

வாசலுக்கு உள்ளே

ஆண் வேலைக்குப் போகாத பகல் அந்த அறைகளுக்குப் புதிது. வேலையின்மை, கடன், குடிக்கக் கிடைக்காத எரிச்சல், பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் பத்தடிச் சதுரத்துக்குள். தேசிய மகளிர் ஆணையத்துக்கு மார்ச் 23 முதல் ஏப்ரல் 16 வரை வந்த புகார்களில் 239 குடும்ப வன்முறை பற்றியவை. அதற்கு முந்தைய 25 நாட்களில் அந்த எண்ணிக்கை 123. அடிப்பவர் அதே அறையில் இருக்கும்போது போன் எடுத்துப் பேச முடிந்தவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

பெண்கள் இழந்த வேலை திரும்பவும் இல்லை. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2021 அறிக்கையின்படி, வேலையில் இருந்த ஆண்களில் 7 சதவீதத்தினர் வேலையை இழந்து மீண்டும் பெறாதவர்கள். பெண்களில் அது 47 சதவீதம். தையல் ஆலைக்குப் போய்ச் சம்பாதித்த பெண்ணுக்கு வீட்டில் ஒரு சொல் இருந்தது. சம்பளம் போனபோது அந்தச் சொல்லும் வலுவிழந்தது.

பிள்ளைகளைப் பற்றிய கவலை ஒரே குடும்பத்துக்குள் இரண்டாகப் பிரிந்தது. மார்ச் 27 அன்று இரு மாநிலங்களிலும் பத்தாம் வகுப்புத் தேர்வு தொடங்கியிருக்க வேண்டும், இரண்டும் தள்ளிப்போயின. ஜூன் 9 அன்று தமிழ்நாடு தேர்வை ரத்து செய்து அனைவரும் தேர்ச்சி என்றது. கர்நாடகம் ஜூன் 25 முதல் முகக்கவசத்தோடும் வெப்பமானியோடும் தேர்வை நடத்தியே தீர்த்தது. ஓசூரில் தாத்தா வீட்டில் தங்கிப் படித்த அக்கா மகள் எழுதாமல் தேறினாள். பொம்மசந்திராவில் படித்த தம்பி மகன் பயந்து பயந்து எழுதினான் என்பது எல்லையோரக் குடும்பங்களில் நடக்கக்கூடிய கதை. எந்த முடிவு சரி என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. சின்னப் பிள்ளைகளின் இழப்பில் அப்படிக் கருத்து வேறுபாடு இல்லை. கர்நாடகம் உட்பட ஐந்து மாநிலங்களில் 16,067 அரசுப் பள்ளிக் குழந்தைகளிடம் 2021 ஜனவரியில் நடத்திய ஆய்வில், 92 சதவீதத்தினர் முன்பு தெரிந்திருந்த மொழித்திறனில் ஒன்றையாவது மறந்திருந்தார்கள். அப்பாவிடம் ஒரு செல்போன், அதை எடுத்துக்கொண்டு அவர் வேலை தேடிப் போய்விட்டால் ஆன்லைன் வகுப்பு ஏது?

கதவைத் திறந்து போனவர்கள்

எல்லாரும் வீட்டில் இருந்துவிடவில்லை. மருந்து உற்பத்திக்கு விலக்கு இருந்ததால் பொம்மசந்திரா, ஜிகணி மருந்து ஆலைகளில் வேலை நடந்தது. மருத்துவமனைச் செவிலியர், துப்புரவுப் பணியாளர், செக்யூரிட்டி, பால் வண்டி ஓட்டுநர் ஆகியோருக்குக் கவலை தலைகீழ். வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இல்லை. வேலையிலிருந்து நோயைக் கொண்டுவந்துவிடுவோமோ என்ற அச்சம். வாசலிலேயே துணி மாற்றி, குளித்துவிட்டு, ஓடி வரும் பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொன்ன தாய்மார்களின் வேதனைக்கு நிவாரணத் தொகை எதுவும் கிடையாது.

அவர்களுக்கு அக்கம்பக்கத்தின் பார்வையும் பாரமாயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்தவர் கையில் அழியா மை முத்திரை, தனிமைப்படுத்தப்பட்டவர்களின் முகவரி பொதுவெளியில், மணிக்கொரு செல்ஃபி அனுப்ப வேண்டும் என்ற மார்ச் 30 ஆணை எல்லாம் கர்நாடகத்தில் நடந்தவை. தொற்றைக் கண்காணிக்கச் செய்த ஏற்பாடு, தொற்றியவரைக் குற்றவாளிபோல் பார்க்கவும் ஊரைப் பழக்கியது. மருத்துவப் பணியாளரை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அளவுக்கு நாட்டின் பல இடங்களில் நிலைமை முற்றி, அவர்கள் மீதான வன்முறைக்கு ஏழாண்டு வரை சிறை என்று ஏப்ரல் 22 அன்று அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பழைய பாடமும் அயல் பாடமும்

பெங்களூருக்கு இது முதல் அனுபவம் அல்ல. 1898 ஆகஸ்டில் ஹூப்ளிப் பக்கமிருந்து ரயிலில் வந்து சேர்ந்தது பிளேக். மக்கள் நகரைவிட்டு ஓடினார்கள். நெருக்கடியான பேட்டைத் தெருக்களுக்கு மாற்றாகப் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் காற்றோட்டமான வீதிகளோடு எழுந்தன. பெங்களூரிலும் நம் கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் வந்தன. அன்றைய அரசு அந்தக் கொள்ளைநோயிலிருந்து ஒரு பாடம் கற்றது: நோய் வீட்டின் அளவோடும் தெருவின் அகலத்தோடும் சம்பந்தப்பட்டது. அந்தக் காலத்தில் 1897இல் இயற்றிய தொற்றுநோய்ச் சட்டத்தையே 2020லும் எடுத்துப் பயன்படுத்தினோம். வீதியை அகலமாக்கிய பாடத்தை மட்டும் தொழிற்பேட்டையின் ஒற்றை அறைகளுக்குக் கொண்டுவரவில்லை.

அவகாசம் தருவதிலும் கற்க இருந்தது. தென்னாப்பிரிக்கா மார்ச் 23 அன்று அறிவித்து 26 நள்ளிரவு முதல் மூடியது. சிங்கப்பூர் ஏப்ரல் 3 அன்று அறிவித்து 7 முதல் மூடியது, நான்கு நாட்கள். அதே சிங்கப்பூரில் தமிழர்களும் வங்கதேசத்தாரும் நெருக்கமாகத் தங்கியிருந்த தொழிலாளர் விடுதிகளில்தான் தொற்று பெருகியது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. ஒழுங்குக்குப் பெயர்போன நாடும் புலம்பெயர்ந்தவனின் படுக்கையறையை எண்ணிப் பார்க்க மறந்திருந்தது.

ஊரடங்கே வேண்டாமாயிருந்தது என்பது என் கருத்தல்ல. மார்ச் 24 அன்று நாட்டில் சுமார் 500 தொற்றுகள்தான். சோதனைக் கூடங்களும் கவச உடைகளும் வென்டிலேட்டர்களும் மிகக் குறைவு. மருத்துவமனைகளைத் தயார்செய்ய அந்த வாரங்கள் உதவின. ஏப்ரல் முழுவதும் ஒரு தொற்றும் பதிவாகாத மாவட்டமாக எல்லைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி இருந்தது. மூடியதில் நியாயம் இருந்தது. கதவுக்கு எந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் மூடியதே பிழை.

எண்ணப்படாதவர்கள்

இந்தக் கவலைகள் அனைத்துக்கும் அடியில் ஓடும் காரணம் ஒன்றுதான். நம் நிர்வாகம் குடும்பம் என்றால் ஒரு கூரை, ஒரு முகவரி, ஓர் அட்டை என்று நினைக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்து வாழ்வோர் 45 கோடிக்கு மேல். பொம்மசந்திராவின் குடும்பம் சம்பளத்தை இங்கும், வாக்கை அங்கும், கைப்பிள்ளையை அங்கும், கடனை இரண்டு இடத்திலும் வைத்திருக்கும் குடும்பம். நிவாரணம் முகவரியைத் தேடிப் போனது. ஆள் அங்கே இல்லை.

மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளரைப் பதிவு செய்ய 1979லேயே சட்டம் இருந்தது. அதன்படி ஒப்பந்தக்காரர்கள் பதிவேடு வைத்திருந்தால், மார்ச் 25 காலையிலேயே எந்த வட்டத்தில் எத்தனை பேர், எந்த மாநிலத்தவர் என்று தெரிந்திருக்கும். 2020 செப்டம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், ஒரு கோடியே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள் என்றது. வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை என்றும் சொன்னது.

பிறகு சில கதவுகள் திறந்தன. ரேஷன் அட்டையை எங்கும் பயன்படுத்தும் திட்டத்தை எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் இ-ஷ்ரம் பதிவுத் தளம் தொடங்கியது. இன்று அதில் 30 கோடிக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். இவை மெய்யான முன்னேற்றங்கள். ஆனால் அட்டை வந்தால் போதாது. ஒற்றை அறையின் வாடகைக்குப் பாதுகாப்பும், காண்ட்ராக்ட் தொழிலாளியின் சம்பளத்துக்கு ஆலையே பொறுப்பு என்ற உறுதியும், தொழிற்பேட்டைதோறும் குறைந்த வாடகைக் குடியிருப்பும், எல்லையோர மாவட்டங்களுக்கு இரு மாநிலங்களும் சேர்ந்து முன்கூட்டியே வகுத்த பேரிடர்த் திட்டமும் வேண்டும்.

2025 ஆகஸ்ட் 10 அன்று பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவரை வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்த கூட்டம் இப்போது அதிலும் ஏறுகிறது. இதைப் படிப்பவர்களில் பட்டறையோ ஆலையோ நடத்துபவர்கள், அறைகளை வாடகைக்கு விடுபவர்கள், நகராட்சியில் பொறுப்பில் இருப்பவர்கள் இருக்கலாம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வேலை செய்கிறவரின், உங்கள் அறையில் குடியிருப்பவரின் பெயர், சொந்த ஊர், ஊரில் அவரை நம்பியிருப்பவர்கள் ஆகியவற்றை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த கதவு எப்போது மூடும் என்பது நம் கையில் இல்லை. அதற்கு முன் எல்லாரும் எண்ணப்பட்டிருக்க வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது.